யானைக்கு ஜவாப்தாரி யார்?

2023-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி காலையில் கம்பம் நகரத்துத் தெருக்களில் ஒரு காட்டானை ஓடிற்று. கடைக்காரர்கள் கடையைச் சாத்தினார்கள். ஜனங்கள் மாடிகளில் ஏறி நின்றார்கள். தெருவில் நின்ற ஆட்டோ ரிக்ஷாக்கள் நொறுங்கின. அதிகாரிகள் 144-வது பிரிவின்படி தடையுத்தரவு போட்டார்கள். யானையிடம் அகப்பட்டுக் காயமுற்ற உழைப்பாளி ஒருவர் சில தினங்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஜூன் மாதம் 5-ந் தேதி விடியுமுன், சின்ன ஓவுலாபுரத்துக்கு அருகில் வனத்துறையார் அந்த யானைக்கு மயக்க மருந்து ஊசி செலுத்திப் பிடித்து, கும்கி யானைகளைக் கொண்டு லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்து நீங்கிற்று என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். விஷயம் அத்துடன் மறக்கப்பட்டும் போயிற்று.

திருநகரில் வசிக்கும் நண்பர் ஒருவருடன் இதுபற்றிப் பேச நேர்ந்தது. அவர் நன்கு படித்தவர். பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர். “இடி விழுந்து ஒருவன் செத்தால் சர்க்காரையா கேட்கிறோம்? காட்டு மிருகமும் அப்படித்தானே? ஏதோ பணம் கொடுக்கிறார்கள். அது அவர்களுடைய தயவு. தவிரவும், மதுரைச் சமவெளியில் இருக்கிற நமக்கும் காட்டானைக்கும் என்ன சம்பந்தம்? நமக்குத் தெரிந்த யானை ஒத்தக்கடைப் பக்கத்து ஆனைமலை ஒன்றுதான், அது கல்லாய்ச் சமைந்து வெகுகாலமாயிற்று” என்றார். அவருடைய வேடிக்கைப் பேச்சை நாமும் ரசித்தோம். ஆனால் அவர் சொன்ன இரண்டும் பிசகு என்பது நமது அபிப்பிராயம். அவரைப் போலவே நினைப்பவர்கள் நம் வாசகர்களில் பலர் இருக்கக்கூடுமாகையால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சம்பந்தத்தைப் பற்றி. கம்பம் பள்ளத்தாக்கு 1996-ல் தேனி ஜில்லா பிரிக்கப்படும் வரையில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததுதான். அது போகட்டும். மதுரைச் சமவெளியின் வயலில் பாயும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1886-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் திருவாங்கூர் சமஸ்தானத்தினிடமிருந்து 8,000 ஏக்கர் நிலத்தை 999 வருஷக் குத்தகைக்கு வாங்கிற்று. அங்கே அணை எழும்பிற்று. 1895-ல் பெரியாற்று நீர் மலையைத் துளைத்துக் கிழக்கே திரும்பி வைகையில் விழுந்தது. பஞ்சத்தில் அடிபட்ட சீமை பிழைத்தது. அந்த உபகாரத்தை நாம் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அந்த நீர் நின்ற இடம் வெறும் பள்ளமன்று, காடு. யானைகள் மேய்ந்த காடு. அணை கட்டியவர்களுக்கும் அது தெரியும்; வேலைக்காரர்கள் பட்ட கஷ்டங்களில் காட்டு விலங்குகளின் தொல்லையும் ஒன்று. ஆகவே ஆனைக்காட்டை மூழ்கடித்து வந்த நீரை 125 வருஷங்களுக்கு மேலாகக் குடித்துவருகிற நாம், யானையைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பது பொருந்தாது.

இனி இரண்டாவது கேள்வி. இதுதான் பிரதானம். யானை வந்து மோதுவது இடி விழுவதைப் போன்றதா?

கம்பத்தில் ஓடின யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர். அரி என்றால் மலையாளத்தில் அரிசி. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்னும் பழக்கத்தால் வந்த பெயர் அது. அதன் சொந்த ஊர் இடுக்கி ஜில்லாவிலுள்ள சின்னக்கானல். மூணாறுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தில் ஓர் அணையைப் பார்த்திருக்கலாம். அதன் பெயர் ஆனையிறங்கல். யானைகள் இறங்கி வரும் இடம் என்று அதற்கு அர்த்தம். அந்த நிலம் யாருடையது என்பதற்கு வேறு தஸ்தாவேஜு வேண்டியதில்லை, பெயரே பத்திரம். இப்படிப்பட்ட இடத்தில் 2002-ம் வருஷத்தை ஒட்டி, கேரள சர்க்கார் நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிற்று. 301 குடும்பங்களுக்கு நிலம் ஒதுக்கினபடியால் 301 காலனி என்றே அதற்குப் பெயராயிற்று. அது யானைகளின் நடமாட்ட பூமி, அங்கே ஜனங்களை வைப்பது தகாது என்று வனத்துறை அதிகாரியே அக்காலத்தில் எழுத்து மூலமாய் எச்சரித்தார். கேட்பாரில்லை. நிலம் கேட்ட ஏழைகளுக்கு நிலம் கொடுத்தாயிற்று என்று கணக்கு எழுதவேண்டியிருந்தது. எந்த நிலம் என்பதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பின் நடந்தது எதிர்பார்க்கக்கூடியதே. யானைகள் வழக்கம்போல் வந்தன. வழியில் வீடுகள் இருந்தன. வீட்டில் அரிசி இருந்தது. உயிர்கள் போயின. பல குடும்பங்கள் கொடுத்த நிலத்தை விட்டுவிட்டு ஓடின. ஓட முடியாதவர்கள் இருந்தார்கள். 2023 ஜனவரியில், யானைகளைச் சாந்தமாகப் பேசி விரட்டுவதில் பேர் பெற்றிருந்த தற்காலிக வனக்காவலர் ஒருவரே பன்னியாறு எஸ்டேட்டில் யானையிடம் மாண்டார். அதன் பிறகு கேரள வனத்துறை அரிக்கொம்பனைப் பிடித்துக் கும்கியாக்கிவிட நினைத்தது. வழக்கு கேரள ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. யானையின் வாழ்விடத்தில் மனிதர்களைக் குடியேற்றியது ஏன் என்று நீதிபதிகள் கேட்டார்கள். நாம் இந்தக் கட்டுரை முழுவதிலும் கேட்கப்போவதும் அந்த ஒரு கேள்வியைத்தான்.

இடி எங்கே விழும் என்று எந்தச் சர்க்காரும் முன்கூட்டி அறிய முடியாது. யானை எங்கே வரும் என்று அறியலாம். அது தாயிடம் கற்ற தடத்தில் நடக்கிறது. அந்தத் தடம் சர்க்காருடைய சர்வே படங்களிலும், வனத்துறையின் திட்டப் புஸ்தகங்களிலும், பல இடங்களில் ஊர்ப்பெயரிலும் இருக்கிறது. அறிந்திருந்தும் அந்தத் தடத்தில் ஒருவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தவர்கள், பிறகு விளைந்ததைத் தெய்வச் செயல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நியாயமில்லை.

நிற்க, அரிக்கொம்பனின் யாத்திரையை முடித்துவிடுவோம். ஹைகோர்ட்டு நியமித்த நிபுணர் குழு அதைப் பரம்பிக்குளத்துக்கு அனுப்பலாம் என்றது. பரம்பிக்குளத்தை அடுத்த ஊரார் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வேறிடம் தேடினார்கள். ஏப்ரல் 29-ந் தேதி பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, மறுநாள் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். யானை சில நாட்களிலேயே மலையைத் தாண்டி மேகமலைப் பக்கம் வந்தது. ஒரு மாதம் முடிவதற்குள் கம்பத்துக்கு இறங்கிற்று. 1956-ம் வருஷத்து எல்லைப் பிரிவினையில் தேவிகுளம், பீர்மேடு பற்றி எழுந்த பழைய விவாதத்தை இப்போது கிளப்ப நாம் விரும்பவில்லை. யானை மட்டும் அந்தக் கோட்டை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லி நிறுத்துகிறோம்.

கம்பத்து ஜனங்களை யாராவது கேட்டார்களா? ஓர் ராஜ்யத்தின் கோர்ட்டு உத்தரவின்படி, அந்த ராஜ்யத்தின் வனத்துறை, எல்லையோரக் காட்டில் ஒரு யானையை விடுகிறது. அந்தக் காட்டின் மறுசரிவில் இருப்பது கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி. திராட்சையும் வாழையும் தென்னையும் நெருங்கி விளையும் பூமி. அரிசிச் சுவை கண்ட யானைக்கு அது அன்னசத்திரம். இதை யோசிப்பதற்கு நிபுணர் குழு வேண்டுமா? அந்த மலையில் ஆடு மேய்க்கும் பையனே சொல்லியிருப்பான். மதுரையிலுள்ள ஹைகோர்ட்டுக் கிளைக்கும் வழக்கு வந்தது. யானையை எங்கே விடுவது என்பதுதான் அங்கேயும் பேச்சு. தேனி ஜில்லாவில் இறந்தவர் எந்தச் சர்க்காரின் பிழைக்கு இறந்தார் என்பதை எவரும் பேசவில்லை. கடைசியில் கோதையாற்றின் மேற்பகுதியில் யானையை விட்டார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வந்து நின்றது. தோட்டத் தொழிலாளிகள் லயன் வீடுகளில் விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்கானலில் செய்த பிழை இப்படியாக லாரியில் ஏறித் திருநெல்வேலி ஜில்லா வரை போய்ச் சேர்ந்தது.

இதற்கு முன் நமக்கு ஒரு பாடம் ஆகாமலில்லை. 2019 ஜனவரியில் கோயமுத்தூர் தடாகம் பள்ளத்தாக்கில் சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து டாப்ஸ்லிப் காட்டில் விட்டார்கள். அது ஒரு வாரத்துக்குள் காட்டை விட்டு வெளியே வந்து உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கரும்பு வயல்களில் நின்றது. பிப்ரவரி 15-ந் தேதி மறுபடி பிடித்து வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைத்தார்கள். சின்னத்தம்பிக்காகக் கண்ணீர் விட்டவர்கள் தமிழ்நாட்டில் பலர். நல்லது. ஆனால் அது ஏன் ஊருக்குள் வந்தது? தடாகம் பள்ளத்தாக்கு முழுவதும் செங்கற்சூளைகள் செம்மண்ணை வெட்டி யானை நடக்கும் தடத்தைப் பாதாளமாக்கியிருந்தன. அனுமதிச் சீட்டு இல்லாமலே வெகுகாலம் நடந்த சூளைகள் அவை. அவற்றின் லாரிகள் சர்க்கார் ரஸ்தாவில்தான் ஓடின. சர்க்கார் ஆபீஸ் வாசல்களைத் தாண்டித்தான் போயின. 2021-ல், வழக்குகளின் நெருக்கடியில், சூளைகள் மூடப்பட்டன. யானை 2019-லேயே கூண்டுக்குப் போய்விட்டது! தண்டனை கொடுப்பதில் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் யானையைக் கொன்றவனுக்கு இந்தச் சென்னை ராஜதானியில் சர்க்காரே வெகுமதி கொடுத்தது. பிறகு எண்ணம் மாறி, 1873-ம் வருஷத்து முதலாவது சென்னைச் சட்டமாகக் காட்டானைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1879-ல் இன்னொன்று. 1882-ல் சென்னை வனச்சட்டம் காட்டையே சர்க்காருடையதாக்கிற்று. அதுவரை கட்டை பொறுக்கியவனும் மாடு மேய்த்தவனும் அன்றிலிருந்து குற்றவாளியானான். சுதந்திர இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1977 முதல் யானை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, காட்டையும் வனவிலங்கையும் காப்பது ராஜ்யத்தின் கடமை என்று எழுதினார்கள். காடு என்ற விஷயத்தையும் மாகாண ஜாபிதாவிலிருந்து எடுத்துப் பொது ஜாபிதாவில் வைத்தார்கள். ஆகவே தில்லிக்கும் இதில் பங்குண்டு.

இவற்றை நாம் ஆட்சேபிக்கவில்லை. யானையைச் சுடும் உரிமையைக் குடியானவனுக்குக் கொடு என்று கேட்பவர்கள் நாமல்ல. உலகத்திலுள்ள ஆசிய யானைகளில் பாதிக்கு மேல் நம் தேசத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 2024-ம் வருஷத்துக் கணக்கின்படி 3,063. இது நமக்குப் பெருமை. ஆனால் சட்டத்தின் விளைவை முழுதாகப் பார்க்கவேண்டும். தன் உயிரைக் காக்க நேர்ந்த சமயம் தவிர, யானையைத் தொடக் குடியானவனுக்கு அதிகாரமில்லை. விரட்டுவதற்கும் வனத்துறையாரை எதிர்பார்க்கவேண்டும். யானையின் ரக்ஷகன் நானே என்று சர்க்கார் சட்டத்தில் எழுதி, மற்ற எல்லோருடைய கையையும் கட்டிவைத்திருக்கிறது. கையைக் கட்டினவன், கட்டுண்டவனுக்கு வரும் அடிக்குப் பதில் சொல்லவேண்டுமா, வேண்டாமா?

இந்தியாவில் யானையால் இறப்பவர்கள் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் ஐந்நூறு பேர் என்று பார்லிமெண்டில் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் உயிரிழப்புக்கான தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்திற்று. உயர்த்தியதை வரவேற்கிறோம். அந்தப் பணத்துக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரைத்தான் நம்மால் ஜீரணிக்க முடியவில்லை. ‘எக்ஸ் கிரேஷியா’ என்கிறார்கள். சட்டப்படி கொடுக்கக் கடமையில்லை, கருணையினால் கொடுக்கிறோம் என்பது அதன் பொருள். திருநகர் நண்பர் தயவு என்று சொன்னது சர்க்காரிடமிருந்தே கற்ற பாடம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாம் பெயரில்தான் இருக்கிறது. கடன் என்றால் கெடு உண்டு, வட்டி உண்டு, கோர்ட்டு உண்டு. கருணை என்றால் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு வாழைத்தோட்டம் ஒரே ராத்திரியில் அழிகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் குடியானவன் வனத்துறைக் காவலரைத் தேடவேண்டும். கிராம நிர்வாக அதிகாரியிடம் போகவேண்டும். பட்டாவும் அடங்கலும் காட்டவேண்டும். குத்தகைக்கு உழுகிறவனிடம் பட்டா எங்கே இருக்கும்? புறம்போக்கிலே இரண்டு தலைமுறையாய்ப் பயிரிடுகிறவனிடம் அடங்கல் எப்படி இருக்கும்? மனுவைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களின் கூலியைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், சிறு நஷ்டத்துக்கு மனுச் செய்யாமல் இருப்பதே லாபம் என்று அவன் முடிவு கட்டுகிறான். அவன் இப்படிச் செய்த ஒவ்வொரு முடிவும் சர்க்கார் கணக்கில் ‘நஷ்டம் இல்லை’ என்றே பதிவாகிறது.

மனு எழுதுவதில் சலித்தவர்களில் சிலர் வேலியில் மின்சாரத்தைத் திருப்பிவிடுகிறார்கள். 2023 மார்ச் 7-ந் தேதி தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளிப் பக்கத்தில் அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின் பக்கத்தில் சுற்றிச் சுற்றி நின்றன. விவசாயி கைதானார். திருட்டு மின்சாரத்தில் யானையையும் மனிதனையும் ஒருங்கே கொல்லும் அந்தக் காரியத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அதற்குப் பிறகு சர்க்கார் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் செய்தது, சரியே. ஆனால் அந்த யானைகளைக் காட்டுக்குள் நிறுத்தத் தவறியவர்கள்மீது எந்த விதியும் பிறக்கவில்லை.

காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலும் அதன் பிறகும் நீலகிரியிலும் ஆனைமலையிலும் சோலையை அழித்துத் தேயிலையும் காப்பியும் வைத்தார்கள். புல்வெளியில் சீகை மரமும் தைல மரமும் வைத்தார்கள். வைத்ததில் வனத்துறைக்கே பெரும்பங்கு. முதுமலையில் மஞ்சக்கொன்றை என்னும் அந்நிய மரம் புல்லை முளைக்கவிடாமல் படர்ந்து நிற்கிறது; உண்ணிச்செடி எங்கும் புதராய் மண்டியிருக்கிறது. இப்போது அவற்றை வெட்டி அகற்றப் பணம் ஒதுக்குகிறார்கள். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளை பக்கத்து வீட்டில் போய்த் திருடித் தின்கிறான் என்று அடிக்கிற தகப்பனை என்னவென்பது?

யானை வழியில் குடியிருப்பவர்களெல்லாம் பேராசைக்காரர்கள் என்று பட்டணங்களில் உட்கார்ந்துகொண்டு சிலர் பேசுகிறார்கள். இது பெரிய அநியாயம். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. அதன் பயனாக, இலங்கை மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த லட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளிகள் இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று சென்னை சர்க்கார் 1968 முதல் நீலகிரியில் வனநிலத்தில் தேயிலை பயிரிட்டது. அதுதான் பின்னர் டான்டீ என்ற கார்ப்பரேஷன் ஆயிற்று. கூடலூர், பந்தலூர்ப் பிரதேசத்தில் அந்த ஜனங்களைச் சர்க்கார்தான் கொண்டுபோய் வைத்தது. அவர்கள் இடம் கேட்டுப் போகவில்லை. இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட காகிதம் அவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து யானைத் தடத்தில் இறக்கிற்று. இன்று அந்தத் தொழிலாளியின் பேரன் விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது யானையை எதிர்ப்பட்டால், ‘நீ ஏன் அங்கே இருக்கிறாய்?’ என்று கேட்கிற வாய், கேள்வியைக் கோட்டைக்கல்லவா திருப்பவேண்டும்?

அதே கூடலூரில் ஜன்மி நிலங்களைப் பற்றி 1969-ல் சட்டம் செய்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் யாருடையது என்பது தீரவில்லை. இந்த நிலையில் 2024-ல் தமிழ்நாட்டில் 42 யானை வழித்தடங்களைக் குறித்து ஒரு வரைவறிக்கை வந்தது. வழித்தடங்களை வரையறுப்பது மிகவும் அவசியம். அதை நாம் முழு மனதுடன் ஆதரிக்கிறோம். வந்த விதம்தான் வருந்தத்தக்கது. அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசமோ சொற்ப நாட்கள். தமிழில் கொடுங்கள் என்று ஜனங்கள் கூட்டம் போட்டுக் கேட்கவேண்டியிருந்தது. தன் வீடு வழித்தடத்தில் இருக்கிறதா இல்லையா என்பதைத் தமிழன் தமிழ்நாட்டில் தமிழ் சர்க்காரிடமிருந்து தமிழில் அறிவதற்குக் கிளர்ச்சி செய்யவேண்டுமானால், இந்த ஆட்சிமொழிச் சட்டமெல்லாம் எதற்கு?

பணக்காரன் விஷயம் வேறாக நடக்கிறது. சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடத்தை 2010-ல் சர்க்கார் அறிவித்தது. அங்கே உல்லாச விடுதி கட்டியிருந்தவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020 அக்டோபர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சர்க்கார் அறிவிப்பை ஊர்ஜிதம் செய்தது. ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்தது. பத்து வருஷம்! விடுதிக்காரர்களுக்குக் கிடைத்த இந்த விசாரணையும் அவகாசமும் 301 காலனி ஆதிவாசிக்கும் கூடலூர்க் கூலிக்கும் கிடைக்கட்டும் என்பதே நம் கோரிக்கை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்காகவே செய்யப்பட்டது. முதலில் அவர்கள் உரிமையைத் தீர்மானித்து, பிறகு அவர்கள் சம்மதத்துடனும் தக்க மாற்று நிலத்துடனும் இடம் மாற்றுவதே முறை.

சர்க்காரால் ஒன்றுமே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. வேண்டுமென்றால் ஆகிறது. 2021 நவம்பர் 26-ந் தேதி நவக்கரை அருகில் ரயிலில் மோதி மூன்று யானைகள் மாண்டபோது தேசமெங்கும் கூக்குரல் எழுந்தது. 2024 பிப்ரவரியில் மதுக்கரைக் காட்டில், யானை தண்டவாளத்தை நெருங்கும்போதே காமிராக்கள் கண்டறிந்து ரயில் ஓட்டிகளுக்குச் சேதி சொல்லும் ஏற்பாடு வந்தது. தண்டவாளத்தின் அடியில் யானை புகுந்து போகச் சுரங்கப் பாதையும் கட்டினார்கள். வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாலும், உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஓடுவரியாலும், தூரத்திலிருந்தே தெரியும் செவ்விளக்காலும் தொழிலாளிகளுக்கு அறிவிக்கிறார்கள். அதனால் சாவுகள் குறைந்திருக்கின்றன. அதை ஆரம்பித்து நடத்தியவர்கள் தனியார் ஆராய்ச்சிச் சங்கத்தார் என்பதைச் சர்க்கார் சற்று வெட்கத்துடன் நினைவில் வைப்பது நல்லது. ரயிலுக்கும் வால்பாறைக்கும் ஆனது, குமுளி மலையடிவாரத்துக்கும் மாஞ்சோலைக்கும் ஏன் ஆகாது?

தேனி ஜில்லாவும் இடுக்கி ஜில்லாவும் சேர்ந்து ஒரு கமிட்டி வேண்டும். அதில் வனத்துறையாரோடு விவசாயிகளும் ஏலத்தோட்டத் தொழிலாளிகளும் மலைவாசிகளும் உட்காரவேண்டும். எந்த யானையையும் எல்லையோரத்தில் விடுவதற்கு முன், இறங்கிவரும் சரிவிலுள்ள பஞ்சாயத்துக்களுக்கு அறிவிப்பது கட்டாயமாக வேண்டும். ரேடியோ பட்டையின் சேதி இரு ராஜ்யத்துக்கும் அதே நிமிஷத்தில் கிடைக்கவேண்டும். ஓர் ராஜ்யம் விட்ட யானையால் மறு ராஜ்யத்தில் சேதமானால், பணத்தை யார் கொடுப்பது என்பதை மத்திய சர்க்கார் இப்பொழுதே நிர்ணயிக்கட்டும். பிணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசவேண்டாம். பயிர் நஷ்டத்தை உழுகிறவனுக்குக் கொடுக்கவேண்டும், பட்டாக்காரனுக்கு மட்டுமல்ல. அதற்கு ஒரு கெடுவும், கெடு தவறினால் வட்டியும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சட்டமும் பணமும் காலமும் வேண்டுமென்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சரி, சட்டமோ அதிகப் பணமோ வேண்டாத ஒரு காரியத்தை இந்த மாதமே செய்யட்டும். அந்த மனுத்தாள்களிலும் உத்தரவுகளிலும் ‘எக்ஸ் கிரேஷியா’ என்றிருப்பதை அடித்துவிட்டு, நஷ்டஈடு என்று தமிழில் அச்சிடட்டும்.